புரோகிராமுக்கும் பாயிரம் உண்டு

கம்ப்யூட்டர் படிக்காத வரிகளைப் பற்றி இன்று எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் குன்றத்தூரில் இப்போது தெருவுக்கு நாலு பிள்ளைகள் சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். காலையில் தாம்பரம் மெப்ஸுக்கோ சோழிங்கநல்லூருக்கோ கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். அவர்கள் எழுதும் புரோகிராமில் ஆயிரம் வரி இருந்தால், அதில் சில நூறு வரிகளை மெஷின் தொடவே தொடாது, தாண்டிப் போய்விடும். அந்த வரிகளுக்குத்தான் கமெண்ட் என்று பெயர். மெஷினுக்கு இல்லை என்றால் யாருக்கு? பின்னாளில் அந்தப் புரோகிராமைப் பிரித்துப் பார்க்கப் போகும் இன்னொரு மனிதருக்கு. அதற்குள் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், ரிட்டயர் ஆகியிருப்பார், சில சமயம் உயிரோடே இருக்க மாட்டார். அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவர் விட்டுப்போன குறிப்பைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் குறிப்பை எங்கே எழுதுவது, எதை எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதற்கெல்லாம் ஐம்பது அறுபது வருஷமாக ஒரு மரபு உருவாகி வந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படித்துத்தான் நான் சோறு சாப்பிட்டேன். ஆகவே இந்த மரபின் சரித்திரம் எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம்.

கதையைத் தமிழிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம் போகப்போகப் புரியும்.

பள்ளியில் தமிழ் ஐயா நன்னூல் நடத்தும்போது பாயிரத்தை மனப்பாடம் பண்ணச் சொல்வார். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி வைத்தது. ஒரு நூலுக்கு முன்னால் சிறப்புப் பாயிரம் என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் எட்டு விஷயங்கள் தெரிய வேண்டும் என்பது விதி. நூலைச் செய்தவர் பெயர், அது எந்த நூலின் வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் அது வழங்கும், நூலின் பெயர், எந்த அமைப்பில் தொகுத்தது, எதைப் பற்றியது, யார் கேட்கத் தகுந்தவர், கேட்டால் என்ன பயன். இத்துடன் காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவோரும் உண்டு. பதின்மூன்று வயதில் இதெல்லாம் எதற்கு என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை. பிரம்புக்குப் பயந்து படித்தோம்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தைப் பாருங்கள். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று எல்லை சொல்கிறார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியது என்று களம் சொல்கிறார். அதங்கோட்டாசான் முன்னிலையில் என்று பரிசோதித்தவர் பெயரையும் சொல்லிவிடுகிறார். நூலுக்குள் நுழையும் முன்பே, இது யாருடையது, எதுவரை நம்பலாம் என்பது நம் கையில் வந்துவிடுகிறது.

இப்போது 1959-க்கு வருவோம். அந்த வருஷம் மே மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. கம்பெனிக் கணக்குகளை எழுதுவதற்கு, எந்த மெஷினிலும் ஓடும்படியான பொது மொழி ஒன்று வேண்டும் என்று அரசும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் கூடிப் பேசின. அதிலிருந்து பிறந்ததுதான் கோபால். (நம் ஊரில் கோபால் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். முதல் நாள் வகுப்பில் எல்லோரும் சிரித்தோம்.) கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் அதற்கு முன்பே செய்திருந்த ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழிதான் அதற்குப் பெரிய முன்மாதிரி. கணிதக் குறிகளைப் போட்டுக் குழப்பாமல், சாதாரண ஆங்கில வாக்கியம் போலவே புரோகிராம் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

கோபால் புரோகிராமின் முதல் பகுதிக்கு ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன் என்று பெயர். அதில் வரிசையாக என்ன வரும் தெரியுமா? புரோகிராமின் பெயர். எழுதியவர் பெயர். எந்த நிறுவனத்தில் ஓடுகிறது. எழுதிய தேதி. மெஷின் மொழிக்கு மாற்றிய தேதி. யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது. கடைசியில் ரிமார்க்ஸ் என்ற பெயரில் இது எதற்கான புரோகிராம் என்று நாலு வரி. இதைப் பாடமாகக் கேட்டபோது என் மனதில் ஓடியது தமிழ் ஐயாவின் குரல்தான். ஆக்கியோன் பெயர், நூற்பெயர், காலம், களம், கேட்போர், நுதலிய பொருள் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பென்டகனில் கூடியவர்களுக்கு நன்னூல் தெரிந்திருக்க நியாயமில்லை. பின்னால் வருபவனை நினைத்துப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இதே கேள்விகள்தான் தோன்றும் போலிருக்கிறது.

ஆனால் ஒன்றிரண்டு விட்டுப்போயிற்று. காரணத்துக்கு இடமில்லை. எல்லைக்கும் இடமில்லை. இந்த எல்லையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாயிரம் கட்டாயமும் இல்லை. புரோகிராமின் பெயர் ஒன்றுதான் கட்டாயம், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். 1974-ல் வந்த திருத்தத்தில் ரிமார்க்ஸை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக, எந்த வரியின் 7-ஆவது கட்டத்தில் நட்சத்திரக் குறி இருந்தாலும் அந்த வரி முழுவதும் கமெண்ட் என்று வைத்தார்கள். 1985-ல் எழுதியவர் பெயர், தேதி முதலியவற்றையும் வழக்கொழிந்தவை என்று அறிவித்தார்கள். 2002-ல் விதிப் புத்தகத்திலிருந்தே அவை போய்விட்டன. அதற்குப் பிறகு எழுதியவர்களும் நட்சத்திரம் போட்டு அதே விவரங்களைத் தலையில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். விதி போனாலும் பழக்கம் போகவில்லை.

7-ஆவது கட்டம் என்றேனே, அதையும் விளக்கிவிடுகிறேன். அந்தக் காலத்தில் புரோகிராமை அட்டையில் துளை போட்டுத்தான் மெஷினுக்குக் கொடுப்போம். ஒரு அட்டைக்கு 80 கட்டம். ஒரு வரிக்கு ஒரு அட்டை. கோபாலில் முதல் 6 கட்டம் வரிசை எண், 7-ஆவது குறி, 8 முதல் 72 வரை விஷயம், 73 முதல் 80 வரை அடையாளம். வரிசை எண் எதற்கு என்றால், அட்டைப் பெட்டி கை தவறிக் கீழே விழுந்தால் மறுபடி அடுக்குவதற்கு. 1957-ல் ஐபிஎம் கொண்டுவந்த ஃபோர்ட்ரானில் முதல் கட்டத்தில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அது கமெண்ட். கிண்டி ஐஐடியில் 1973-ல் வந்திறங்கிய ஐபிஎம் 370 மெஷினுக்கு அட்டைக்கட்டோடு வரிசையில் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கட்டக் கணக்கு இன்னும் மறந்திருக்காது.

கமெண்ட் எழுதினால் அதற்கும் ஒரு அட்டை செலவு, துளை போடும் பெண்மணிக்கும் வேலை. ஆகவே நான் 1979-ல் சேர்ந்த இடத்தில் கமெண்ட் என்பது ஊதாரித்தனம். விளக்கமெல்லாம் தனியாக ஃபைலில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஃப்ளோசார்ட், உள்ளே வரும் தகவலின் அமைப்பு, வெளியே போகும் அறிக்கையின் மாதிரி என்று அழகாகக் கட்டி இரும்பு அலமாரியில் வைப்பார்கள். மேலதிகாரி கையெழுத்தெல்லாம் இருக்கும். பார்க்க லட்சணமாக இருந்தது.

பிரச்சினை ஒன்றுதான். புரோகிராமை மாதம் ஒருமுறை திருத்துவோம். பஞ்சப்படி விகிதம் மாறும், வருமான வரி விதி மாறும். அலமாரியில் இருக்கும் ஃபைலை யாரும் திருத்த மாட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஃபைல் ஒரு கதை சொல்லும், புரோகிராம் வேறு கதை சொல்லும். பிறகு அலுவலகம் கட்டடம் மாறியது. அலமாரியைத் தூக்கினார்கள், உள்ளே இருந்ததைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது மெஷினில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் மட்டும். அதில் ஒரு வார்த்தை கமெண்ட் கிடையாது. ஒரு குறிப்பிட்ட பிரிவு ஊழியர்களுக்கு மட்டும் ஏன் ஏழு ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் இருவர் மூன்று வாரம் அலைந்தார்கள். ஏதோ ஒரு பழைய சங்க ஒப்பந்தம் என்று கடைசியில் ஒரு ரிட்டயரான குமாஸ்தா ஞாபகத்திலிருந்து சொன்னார். அவர் வீடு பல்லாவரத்தில் இருந்ததால் பிழைத்தோம்.

மூலம் ஓரிடம், விளக்கம் ஓரிடம் என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் எதிர்ச்சாட்சி ஒன்று உண்டு. புறநானூற்றில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும், இது என்ன திணை, என்ன துறை, யாரை யார் பாடியது என்று ஒரு குறிப்பு இருக்கும். பாட்டைப் பாடிய புலவர் எழுதியதல்ல, பின்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்தது. அந்தக் குறிப்பு பாட்டோடு ஒட்டி, ஏடு ஏடாகப் படியெடுக்கப்பட்டு வந்ததால்தான் 1894-ல் உ.வே. சாமிநாதையர் பதிப்பிக்கும்போது அதுவும் கூடவே வந்தது. குறிப்பு சிதைந்துபோன பாட்டுகளும் உண்டு. அவற்றைப் பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்று கேட்டால் ஊமையாய் நிற்கின்றன. ஒட்டி வைப்பதில் வேறு வகைச் சங்கடமும் இருந்தது. 1887-ல் வந்த சிந்தாமணிப் பதிப்புக்காக ஏடு பார்த்தபோது மூலம் எது, நச்சினார்க்கினியர் உரை எது என்று வேறுபாடு தெரியாமல் ஒரே ஓட்டமாக எழுதியிருந்ததில் ஐயர் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். அந்த ஏட்டில் 7-ஆவது கட்டத்து நட்சத்திரம் போல ஒரு அடையாளம் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்!

புரோகிராம் உலகத்திலும் உரையாசிரியர் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் லயன்ஸ். அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு முழுவதையும் வரி எண் போட்டு ஒரு புத்தகமாகவும், அதற்கு விளக்கத்தை இன்னொரு புத்தகமாகவும் 1976-77 வாக்கில் மாணவர்களுக்காகத் தயாரித்தார். மூலமும் உரையும் என்று நம் பதிப்பாளர்கள் அட்டையில் போடுவார்களே, அதேதான். யூனிக்ஸின் அடுத்த பதிப்போடு அதன் மூலத்தை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று ஏடி அண்ட் டி கம்பெனி ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டது. ஆகவே லயன்ஸின் உரை ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸாக உலகமெல்லாம் சுற்றியது. ஏடு படியெடுத்த காலம் திரும்பி வந்த மாதிரி. 1996-ல்தான் அது முறையாக அச்சேறியது. 1998-ல் லயன்ஸ் காலமானார்.

அந்த யூனிக்ஸில் ஒரு கமெண்ட் மிகப் பிரசித்தம். ஒரு வேலையை நிறுத்திவிட்டு மெஷின் இன்னொரு வேலைக்குத் தாவும் இடத்தில், இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்கிற பொருளில் ஒரு வரி. படித்தவர்கள் எல்லாம், என்ன திமிர் என்றார்கள். திமிர் அல்ல, இது பரீட்சைக்கு வராது என்கிற தொனியில் எழுதியது என்று ரிட்சி பிற்பாடு விளக்கினார். உண்மையான சிக்கல், அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்.

என்ன எழுதுவது என்கிற சண்டை இதே காலத்தில்தான் சூடு பிடித்தது. 1974-ல் கெர்னிகனும் பிளாகரும் புரோகிராம் எழுதும் நடையைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் போட்டார்கள். அதில் கமெண்டைப் பற்றி அவர்கள் சொன்னதன் சாரம் இரண்டு: கமெண்டும் புரோகிராமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது; புரோகிராம் சொல்வதையே கமெண்ட் திருப்பிச் சொல்லக் கூடாது. எண்ணிக்கையில் ஒன்று கூட்டு என்று புரோகிராமில் இருக்கும். பக்கத்தில், எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறோம் என்று கமெண்ட் இருக்கும். இப்படி எழுதுகிறவர்களை எங்கள் செக்‌ஷனில் பதவுரைக்காரர்கள் என்போம். பள்ளிக்கூடத்து நோட்ஸில், யானை என்றால் யானை என்று போட்டிருப்பார்களே, அந்த ரகம்.

நன்னூல் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. சுருக்கமான காண்டிகையுரைக்கே சொல்லுக்குப் பொருள் மட்டும் போதாது. கருத்து வேண்டும், உதாரணம் வேண்டும், எழக்கூடிய கேள்வியும் அதற்குப் பதிலும் வேண்டும். கேள்வி பதில்தான் எனக்குப் பிடித்த இடம். படிப்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று எழுதுபவர் முன்கூட்டியே யோசித்து, இப்படிச் செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய், செய்யாததற்குக் காரணம் இது என்று சொல்லிவிடுவது. பரிமேலழகரும் சேனாவரையரும் மற்றவர் கொண்ட பொருளை எடுத்துக் காட்டி, அது ஏன் பொருந்தாது என்றும் எழுதுவார்கள். நான் பார்த்த நல்ல கமெண்டுகள் எல்லாம் இந்த ஜாதிதான். இந்த வரியை அழித்தால் சுலபமாக இருக்கும் என்று தோன்றும், அழிக்காதே, மார்ச் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இப்போது எல்லைக்கு வருகிறேன்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஐரோப்பியர்களின் புதிய ராக்கெட் ஏரியான்-5 முதல் முறையாகக் கிளம்பியது. நாற்பது விநாடிகூட முழுசாக ஆகவில்லை. பாதை விலகித் திரும்பி, வானத்திலேயே வெடித்துச் சிதறியது. அதில் இருந்த நாலு ஆராய்ச்சி செயற்கைக்கோள்களும் போயின. விசாரணைக் குழுவுக்குத் தலைவர் பிரெஞ்சுக் கணித மேதை ஷாக்-லூயி லயன்ஸ். (உரை எழுதிய லயன்ஸ் வேறு, இவர் வேறு.) அடுத்த மாதமே அறிக்கை வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும்.

நடந்தது இதுதான். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகம் என்று கணக்கிடும் கருவியின் புரோகிராமை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏரியான்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு இடத்தில் பெரிய எண்ணைச் சிறிய பெட்டிக்குள் போடுகிற வேலை. மரக்காலை நாழிக்குள் கவிழ்ப்பது மாதிரி. எண் மிகப் பெரிதாகிவிட்டால் வழிந்துவிடும். அப்படி வழியக்கூடிய இடங்கள் ஏழு என்று எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நாலுக்குத் தடுப்புப் போட்டார்கள். மெஷினுக்கு வேலைப்பளு கூடிவிடக் கூடாது என்பதால் மூன்றைத் தடுப்பில்லாமல் விட்டார்கள். யோசித்துத்தான் விட்டார்கள், ஏரியான்-4 பறக்கும் பாதையில் அந்த எண்கள் அவ்வளவு பெரிதாகவே ஆகாது. சரியான கணக்கு. ஆனால் ஏரியான்-5 கிளம்பிய உடனே பக்கவாட்டு வேகத்தை அதைவிட வெகு சீக்கிரம் எட்டிவிடும் ராக்கெட். எண் வழிந்தது. மாற்றுக் கருவி ஒன்று தயாராகத்தான் இருந்தது. அதிலும் அதே புரோகிராம் என்பதால் அது முதலில் நின்றது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகும் முன் அடுத்ததும் நின்றது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் குறிப்பிட்ட கணக்கே ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியான்-5-க்குத் தேவையே இல்லாதது.

விசாரணை அறிக்கையில் ஒரு வாக்கியம் உண்டு, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது. மூன்று எண்களைத் தடுப்பில்லாமல் விட்டதற்கான நியாயம் புரோகிராமுக்குள் நேரடியாக எங்கும் குறிக்கப்படவில்லை என்கிறது. விளக்கம் வேறு ஆவணங்களில் இருந்தது. அலமாரி ஃபைல்தான், வேறென்ன? ஆவணங்கள் மலையாகக் குவிந்திருந்ததால், வெளியிலிருந்து வந்து பரிசீலிப்பவர்கள் கண்ணில் அது படவில்லை. வேங்கடம் முதல் குமரி வரை என்பது போல, ஏரியான்-4 பாதைக்குள் மட்டும் இது செல்லும் என்று அந்த மூன்று வரிகளின் தலையில் ஒரு கமெண்ட் இருந்திருந்தால், புதிய ராக்கெட்டுக்கு எடுத்து வைத்தவர்களில் ஒருவராவது, நம் ராக்கெட் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்டிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதும் உண்மை. அறிக்கை அதையும் சொல்கிறது. ஆனால் சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்கே ஒரு குறிப்பு வேண்டுமே?

இந்த அறிக்கை வெளியான சமயம், நம் சென்னையில் வேறொரு எல்லைப் பிரச்சினைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒய்டுகே என்றால் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அட்டையில் 80 கட்டம்தானே என்று வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கிய பழைய சிக்கனம், 2000 பிறந்தால் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பயம். அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளின் கோபால் புரோகிராம்கள் லட்சக்கணக்கான வரிகளாகக் கடல் கடந்து இங்கே வந்தன. 1994-ல் சென்னையில் ஆரம்பித்து பின்னர் காக்னிசன்ட் என்று பெயர் மாறிய கம்பெனி முதல் பலரும் அந்த வேலையில் வளர்ந்தவர்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு முதல் அனுபவம் இதுதான். நான் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு 1997-ல் அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பழைய கோபால் தெரிந்த நரைத்த தலைகளுக்கு அப்போது திடீரென்று மவுசு.

வேலையைச் செய்ய இரண்டு வழி. வருஷத்தை நாலு இலக்கமாக விரிப்பது ஒன்று. அது செலவு, எல்லாக் கோப்புகளையும் மாற்ற வேண்டும். ஜன்னல் வைப்பது மற்றொன்று. 50-க்குக் கீழே இருந்தால் 2000-த்தில் சேர், 50-ம் அதற்கு மேலும் இருந்தால் 1900-த்தில் சேர் என்று ஒரு எல்லைக்கோடு. மலிவு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போட முடியாது. பிறந்த வருஷத்துக்கு 50 என்று வைத்தால் 1938-ல் பிறந்தவர் 2038-ல் பிறக்கப் போகிறவராகிவிடுவார். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு கோடு. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கோடு, ஏன் என்பதை எழுதாவிட்டால் அடுத்து வருபவன் கதி அதோகதி.

அதற்காக நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கு இது. மாற்றிய வரியை அழிக்காமல் நட்சத்திரம் போட்டு உறங்க வைப்போம். மேலே ஒரு கமெண்ட், கீழே ஒரு கமெண்ட், இங்கிருந்து இதுவரை மாற்றம் என்று. மாற்றியவர் முதலெழுத்தும் தேதியும் கூட இருக்கும். புரோகிராமின் தலையில் யார், எப்போது, எதற்காகத் தொட்டார்கள் என்று ஒரு பட்டியல். இறையனார் களவியல் உரையில், நக்கீரர் தொடங்கி யாரிடமிருந்து யார் கேட்டார் என்று பத்துத் தலைமுறைக்கு வரிசை சொல்லியிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கைமாற்றுக் கணக்கு. கோபாலின் பழைய பாயிரத்தில் இல்லாத காரணமும் எல்லையும் இந்தப் பட்டியலில் வந்து சேர்ந்தன.

அந்த வேலையில் எனக்கு மறக்காதது ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் புரோகிராம். பாலிசி முடியும் வருஷம் என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு 99 என்று இருந்தது. மாற்றித் தரும் கருவி அதை 1999 என்று விரிக்கத் தயாராக இருந்தது. விரித்திருந்தால், 2000 ஜனவரி முதல் தேதி அத்தனை பேருக்கும் காப்பீடு இல்லை. எங்கள் அணியில் ஒரு பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், வேறெதையோ தேடும்போது மூவாயிரத்துச் சொச்சமாவது வரியில் நட்சத்திரத்தோடு ஒரு கமெண்டைப் பார்த்தார். 1976-ம் வருஷத் தேதி, மூன்று முதலெழுத்துகள். 99 என்பது வருஷம் அல்ல, முடிவு தேதியே இல்லாத பாலிசிக்கு அடையாளம் என்று சொன்னது. அந்தக் கம்பெனியிடம் கேட்டோம். அவர்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த முதலெழுத்து யாருடையது என்றும் தெரியவில்லை. அவர் ஒரு அட்டை செலவு பண்ணியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே வருஷங்களில் புதிய தலைமுறை வேறு ரீதியில் போய்க்கொண்டிருந்தது. டொனால்ட் குனூத் 1984-லேயே, புரோகிராமைக் கட்டுரை மாதிரி மனிதருக்காக எழுதி, நடுநடுவே மெஷினுக்கானதை வைக்க வேண்டும் என்று வாதாடி, தன் டெக் அச்சுக்கோர்ப்பு மென்பொருளை அப்படியே எழுதிப் புத்தகமாகவும் போட்டார். எல்லோருக்கும் அந்தப் பொறுமை வரவில்லை. 1990-களின் நடுவில் சன் கம்பெனியின் ஜாவா மொழியோடு ஜாவாடாக் வந்தது. சாய்கோட்டுக்கு அடுத்து ஒன்றுக்குப் பதில் இரண்டு நட்சத்திரம் போட்டுத் தொடங்கினால் அது சாதாரண கமெண்ட் அல்ல, ஆவணக் கமெண்ட். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது, எழுதியவர் யார், இதற்குத் தொடர்புடையது எது என்று ‘அட்’ குறி போட்டுத் தனித்தனியாக எழுத வேண்டும். மெஷின் அவற்றையெல்லாம் உருவித் தானே ஒரு கையேடு தயாரித்துவிடும். புரோகிராமோடு ஒட்டியும் இருக்கும், தனிப் புத்தகமாகவும் கிடைக்கும். அலமாரிச் சண்டைக்கு இது ஒரு நல்ல சமாதானம். பைத்தான் மொழிக்காரர்களும் 2001-ல் இதற்கென்று விதி எழுதிக்கொண்டார்கள்.

ஜாவாடாக்கில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் வாக்கியம் தனியாக நிற்கும் சுருக்கமாக இருக்க வேண்டும். அட்டவணையில் அது மட்டும்தான் போகும். விரிவு பின்னால். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பதினொரு பாட்டில் அடியார் பெயர்களை அடுக்கினார், அது தொகை. நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக்கினார், அது வகை. நம் குன்றத்தூர் சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பாடினார், அது விரி. பாடும் முன்பே, இந்த இரண்டும்தான் என் நூலுக்கு வழி என்று இருவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

புதிய முறைக்கும் நோய் உண்டு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டால், பெயர் என்பதற்கு நேரே பெயர் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பதவுரைக்காரர்கள் எங்கும் போய்விடவில்லை. இப்போது மெஷினே புரோகிராமைப் படித்துக் கமெண்ட் எழுதிக் கொடுக்கிறதாம். என்ன செய்கிறது என்பதை அது அழகாகவே எழுதும், சந்தேகமில்லை. பாலிசிக்கு 99 என்று ஏன் போட்டார்கள் என்பது புரோகிராமில் எங்கும் இல்லையே, எதைப் படித்து எழுதும்?

கோபால் செத்துவிட்டது என்று இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். 2020 ஏப்ரலில் கொரோனா சமயம், வேலை இழந்தவர்களின் மனுக்கள் குவிந்து பழைய மெஷின்கள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் யாராவது உதவிக்கு வாருங்கள் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் டிவியில் கேட்டார். அன்று என் பழைய அணிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கலாட்டா.

எங்கள் ஜன்னல்களும் அவற்றில் எத்தனையோ இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 30-ல் கோடு போட்டவை 2029 கடைசி வரை செல்லும். 50-ல் கோடு போட்டவை 2049 கடைசி வரை. எங்கள் அணி கைவைத்த ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும், இந்தக் கட்டத்துக்கு இந்த வருஷம் வரை மட்டும், அதற்கு முன் நாலு இலக்கமாக விரிக்கவும் என்று 7-ஆவது கட்டத்தில் நட்சத்திரம் போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.